தொட்டிக்கரியில் 2,650 ச.மீ. பரப்பு வந்தும் கரியமில வாயு ஏன் ஒட்டவில்லை?

சிரட்டைக்கரி எழுதியது:

வணக்கம். காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கரியை (தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி) பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு (கீழே எல்லா இடத்திலும் ‘காரம்’) கிளர்வூட்டிய, அதாவது சூடாக்கி நுண்துளைகள் உண்டாக்கிய மாதிரி இது. நோக்கம், 15% கரியமில வாயு உள்ள புகைப்போக்கி வாயுவிலிருந்து அதைப் பிரிப்பது.

செய்முறை: கரியைப் பொடித்து 0.5 மி.மீ. சல்லடையில் சலித்தது. எடைக்கு 4 மடங்கு காரம். நீரில் கலந்து ஊறவைத்து 110 டிகிரியில் உலர்த்தியது. அலுமினா படகில் வைத்து, குவார்ட்ஸ் குழாய் உலையில், நைட்ரஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 800 டிகிரி வரை ஏற்றி 1 மணி நேரம் நிறுத்தியது. ஆறிய பிறகு வெறும் நீரில் கழுவல்.

பி.இ.டி. பரப்பு (நைட்ரஜன் ஒட்டும் அளவை வைத்துக் கணக்கிடும் உட்பரப்பு) 2,650 ச.மீ./கிராம், மொத்தத் துளைக் கொள்ளளவு 1.45 மி.லி./கிராம். ஆனால் 25 டிகிரி, 1 பாரில் கரியமில வாயு 2.7 மி.மோல்/கிராம்தான். 0.15 பாரில் 0.55. கடையில் கிடைக்கும் நீராவிக் கரி (நீராவியால் கிளர்வூட்டித் தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்பது, பரப்பு 1,080) அதே நிலையில் 2.4-உம் 0.6-உம் தருகிறது. இரண்டரை மடங்கு பரப்புக்கு இவ்வளவுதான் பலனா?

கூடவே மூன்று கேள்விகள். யூரியாவையும் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கி நைட்ரஜன் ஏற்றினால் 0.15 பார் பிடிப்பு கூடுமா? கழுவும்போது சிலசமயம் பொறி பறக்கிறதே, ஏன்? இதே கரியைச் சாண எரிவாயு மீத்தேனைக் கலனில் அடைக்கப் பயன்படுத்தலாமா?

---

நுண்துளையான் எழுதியது:

முதல் கேள்விக்கான விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது.

பி.இ.டி. அளவீடு 77 கெல்வினில், நைட்ரஜன் திரவமாகும் நிலையில் நடப்பது. அங்கே சார்பழுத்தம் (கொடுக்கும் அழுத்தம் ÷ தெவிட்டு அழுத்தம், அதாவது வாயு திரவமாகும் அழுத்தம்) 1 வரை போகும். 2, 3 நானோமீட்டர் அகலத் துளைகூட நிரம்பிவிடும். கரியமில வாயுவுக்கோ 25 டிகிரியில் தெவிட்டு அழுத்தம் சுமார் 64 பார். நீங்கள் கொடுப்பது 1 பார், அதாவது சார்பழுத்தம் 0.016. புகைப்போக்கி நிலையான 0.15 பாரில் அது 0.0023. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஒரு மூலக்கூறு தங்க வேண்டுமானால் துளையின் இரு சுவர்களும் ஒரே நேரத்தில் அதை இழுக்க வேண்டும். 1 பாரில் வேலை செய்வது ஏறக்குறைய 0.8 நானோமீட்டருக்குக் குறைந்த துளை. 0.15 பாரில் அதைவிடவும் ஒடுங்கியது, 0.6-க்குள். அதற்கு மேற்பட்ட அகலமெல்லாம் வெறும் காலியிடம். அதைத்தான் 4 மடங்கு காரமும் 800 டிகிரியும் உங்களுக்கு உண்டாக்கிக் கொடுத்திருக்கின்றன.

இன்னொன்று: ஒற்றைக் கிராஃபீன் தாளின் இரு பக்கத்தையும் சேர்த்தாலே கிராமுக்கு 2,630 ச.மீ.தான். உங்கள் கரி அதைத் தாண்டுகிறது. நிஜத்தில் அவ்வளவு சுவர் இல்லை. துளைக்குள் அடுக்கடுக்காக நிரம்பிய நைட்ரஜனையும் கணக்கு ஓரடுக்காக எண்ணிக்கொள்கிறது.

2011-ல் ஸ்பெயினின் செவில்லாவும் ஃபுயெர்த்தெஸும் மரத்தூளிலிருந்து செய்த கரி 25 டிகிரி, 1 பாரில் 4.8 மி.மோல் பிடித்தது. அதன் பரப்பு 1,260-தான். காரம் 2 மடங்கு, வெப்பம் 600 டிகிரி. உங்களுக்கு வேண்டிய திசை அது.

அளவீட்டிலும் சிலவற்றைத் திருத்துங்கள்.

மென்பொருள் தானாக எடுக்கும் 0.05 – 0.30 சார்பழுத்த வரம்பு நுண்துளைக் கரிக்குப் பொருந்தாது. ரூக்கரோல் விதிப்படி, பிடிப்பளவை (1 – சார்பழுத்தம்) ஆல் பெருக்கி வரைந்தால் கோடு ஏறிக்கொண்டே போகும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது 0.005 – 0.05 அளவில் முடிந்துவிடும். பி.இ.டி. சமன்பாட்டின் ‘சி’ மாறிலி எதிர்மறையாக வந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

77 கெல்வினில் நைட்ரஜன் மிக மெதுவாக நகரும். 0.5 நானோமீட்டர் துளைக்குள் அது நுழையவே நாள் பிடிக்கும். அதனால் ஒடுங்கிய துளைகளைக் கரியமில வாயுவைக் கொண்டே 0 டிகிரியில், பனிக்கட்டி நீரில் வைத்து அளக்க வேண்டும். 1 பார் வரை போனால் சுமார் 1 நானோமீட்டருக்குட்பட்ட துளைகளின் பரவல் கிடைக்கும். உங்கள் கரியையும் கடைக் கரியையும் இப்படி அளந்து ஒன்றன்மேல் ஒன்று வரைந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோடாக வரும் என்று நினைக்கிறேன்.

அளக்கும் முன் கரியிலிருந்து வாயு நீக்கம் 250 டிகிரியில், வெற்றிடத்தில், குறைந்தது 8 மணி நேரம். எடை போடுவது அதற்குப் பிறகு. முன்பே போட்டால் ஈரத்தின் எடையும் கரியின் கணக்கில் ஏறி எல்லா எண்ணையும் தாழ்த்திவிடும். ஹீலியத்தால் வெற்றுக் கொள்ளளவு (குழாயில் கரி போக மிச்சமுள்ள இடம்) அளப்பதைக் கடைசியில் வையுங்கள். மிக ஒடுங்கிய துளைகளில் 77 கெல்வினில் ஹீலியம் மாட்டிக்கொண்டால் சமவெப்பக் கோட்டின் (அழுத்தம் – பிடிப்பு வரைபடம்) அடிப்பகுதியே கோணலாகும்.

---

உலைக்களம் எழுதியது:

பொறி பறப்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன், மற்றதெல்லாம் பிறகு. அது உலோகப் பொட்டாசியம். விளையாட்டில்லை.

காரம் கரியோடு வினைபுரியும்போது பொட்டாசியம் கார்பனேட், ஹைட்ரஜன், பொட்டாசியம் மூன்றும் வரும். 700-க்கு மேல் கார்பனேட்டும் சிதைந்து இன்னும் பொட்டாசியம் தரும். அதன் கொதிநிலை 759 டிகிரி. நீங்கள் 800-ல் நிறுத்துகிறீர்கள், எனவே அது ஆவியாகி, கரி அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றை விரித்து, மிச்சம் குழாயின் குளிர்ந்த முனையில் போய்ப் படிகிறது. பரப்பு கூடுவதற்கும் இதுதான் காரணம், குவார்ட்ஸ் குழாய் வெளுத்து விரிசல் விடுவதற்கும் இதுதான் காரணம். அலுமினா படகையும் காரம் தின்னும். உங்கள் கரியில் அலுமினியம் கலந்திருக்கும், சாம்பலை அளந்து பாருங்கள்.

மாற்ற வேண்டியவை:

பாத்திரம் நிக்கலாக இருக்கட்டும். குழாய்க்குள் நிக்கல் தகட்டை உருட்டி உறையாகச் செருகினால் குவார்ட்ஸ் பிழைக்கும். துருப்பிடிக்காத எஃகு ஓரிரு முறை தாங்கும், ஆனால் இரும்பும் குரோமியமும் கரியில் இறங்கும்.

காரத் துண்டுகளின் தூய்மை பொதுவாக 85%, மிச்சம் பெரும்பாலும் நீர். நீங்கள் 4 மடங்கு என்று நிறுத்தது உண்மையில் 3.4. குறிப்பேட்டில் எது என்று எழுதி வைக்காவிட்டால் இன்னொருவர் திரும்பச் செய்யவே முடியாது.

தொட்டிக்கரி குழியில் சுட்டது, ஒவ்வொரு மூட்டைக்கும் சுட்ட வெப்பம் வேறு. முதலில் 600 டிகிரியில் நைட்ரஜனில் 1 மணி நேரம் மறுபடி சுட்டு மிச்சமிருக்கும் ஆவிப்பொருளை ஓட்டிவிடுங்கள். பிறகு 10 கிராம் கரிக்கு 20 கிராம் காரம் (தூய்மை திருத்தினால் 23.5). பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். காரம் 360 டிகிரியில் உருகும், அதையொட்டி நுரைத்துப் பொங்கும். நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 400 வரை, அங்கே 1 மணி நேரம். பொங்கல் அடங்கிய பிறகு 5 டிகிரி வீதம் 650 அல்லது 700 வரை, 1 மணி நேரம். கூடுதல் நேரம் வைப்பதால் லாபமில்லை, துளை அகலத்தான் செய்யும்.

வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. புகைக்கூண்டுக்குள் விடுங்கள். வாயு வெளியேறும் குமிழிக்கும் உலைக்கும் நடுவே காலியான குடுவை ஒன்று கட்டாயம். உலை ஆறும்போது குழாய் உள்ளிழுக்கும். நடுவே காலிக் குடுவை இல்லையென்றால் குமிழியின் தண்ணீர் நேரே பொட்டாசியத்தின் மேல் போய் விழும்.

ஆறியதும் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நைட்ரஜனைத் தண்ணீர்க் குடுவை வழியாக அனுப்பி, ஈரமான ஓட்டத்தை 1–2 மணி நேரம் விட்டால் பொட்டாசியம் மெதுவாகக் காரமாக மாறிவிடும். காற்றுபட்டு மஞ்சளான படிவு இருந்தால் அதன்மேல் ஆல்கஹால் ஊற்றவே கூடாது. அது சூப்பர் ஆக்சைடு, கரிமப் பொருள் பட்டால் வெடிக்கும்.

கழுவல்: வெந்நீரில் ஒருமுறை, பிறகு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 2 மணி நேரம் கலக்கல், பிறகு சில்வர் நைட்ரேட் சொட்டினால் கலங்காத வரை வடிநீர். வெறும் நீர் போதாது. உள்ளே தங்கும் கார்பனேட் துளையை அடைப்பது ஒரு பக்கம், ஈரம் இருந்தால் அதுவே கரியமில வாயுவோடு சேர்ந்து பைகார்பனேட் ஆகி, இல்லாத பிடிப்பைக் காட்டுவது இன்னொரு பக்கம். இப்படி வந்த பிடிப்பு வெற்றிடம் இழுத்தாலும் திரும்பாது. இரண்டாம் சுற்றில் எண் சட்டென்று விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

இப்போது யூரியா. காரத்தோடு சேர்த்துச் சூடாக்காதீர்கள். பொட்டாசியம் உப்பு, கரி, நைட்ரஜன் சேர்மம் மூன்றையும் 600–700 டிகிரியில் வைத்தால் பொட்டாசியம் சயனைடு வரும். 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் பிரஷ்யன் நீலம் பிறந்ததே பொட்டாஷில் கலந்த விலங்கு ரத்தத்தால்தான், வேதியியல் ஒன்றே. அந்தக் கரியை நேராக அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். நைட்ரஜன் வேண்டும் என்றால் காரக் கிளர்வூட்டலை முடித்து, பொட்டாசியம் முழுக்கக் கழுவிய பிறகு, தனியாக யூரியாவுடன் நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்குங்கள். ஏற்கெனவே சேர்த்துச் செய்த மாதிரி ஏதாவது இருந்தால் காரநீரில், பி.எச். 11-க்கு மேல் வைத்துக் கழுவுங்கள். கழுவுநீரைச் சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டு ஓர் இரவு வைத்து, சயனைடு இல்லை என்று சோதித்த பின்தான் அமிலம்.

---

பத்து_பார் எழுதியது:

உலைக்களம் சொன்னதற்கு மேல் ஒரு வரி: அந்த நைட்ரஜனே வேண்டாம் என்பது என் கட்சி. நைட்ரஜன் ஏற்றியதால் பிடிப்பு கூடியது என்று காட்டும் பல ஒப்பீடுகளில் துளை அளவும் கூடவே மாறியிருக்கும். ஒடுங்கிய துளைக் கொள்ளளவைச் சமமாக வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

எனக்கு வேறு கவலை. கிராமுக்கு எவ்வளவு என்று எல்லோரும் எழுதுகிறோம், கோபுரத்தை நிரப்புவது கன அளவால். உங்கள் பொடியைத் தட்டி நிரப்பினால் மி.லி.க்கு 0.28 கிராம் இருக்கும். 2.7 × 0.28 = 0.76 மி.மோல்/மி.லி. கடைக் கரி 0.5 கிராம், 2.4 × 0.5 = 1.2. கடைக் கரி ஏற்கெனவே ஜெயித்துவிட்டது! நுண்துளையான் சொல்லும் 2 மடங்குக் கரி 4.5 பிடித்து 0.35 அடர்த்தி கொடுத்தால் 1.58. இப்போதுதான் காரத்துக்குச் செலவழித்த காசுக்கு ஏதோ அர்த்தம் வருகிறது.

காரமே இல்லாமலும் போகலாம். தொட்டிக்கரியை 2–4 மி.மீ. துண்டாக உடைத்து, 850 டிகிரியில் கரியமில வாயு ஓட்டத்தில், எடை 25–30% குறையும்வரை வைத்து நிறுத்துங்கள். கடைக் கரி அயோடின் எண் (ஒரு கிராம் கரி பிடிக்கும் அயோடின், மி.கி.) 1,000-ஐத் தொட வேண்டும் என்பதற்காக இன்னும் நேரம் எரிக்கப்பட்டது. அயோடினுக்கு வேண்டிய துளை உங்களுக்கு வேண்டாம். துண்டாகவே இருப்பதால் பசை சேர்த்து உருண்டை பிடிக்கும் வேலையும் மிச்சம்.

பிறகு, 0.15 பாரில் என்ன பிடிக்கிறது என்பது பாதிக் கதை. வெற்றிடத்தில் 0.05 பார் வரை இழுத்து மீட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கரி 0.15-ல் 1.1 பிடித்து 0.05-ல் 0.45 வைத்துக்கொண்டால் கையில் வருவது 0.65 மி.மோல். ஒரு டன் கரிக்கு ஒரு சுற்றில் 28–29 கிலோ. 10 நிமிடச் சுற்று என்றால் மணிக்கு ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஏறக்குறைய 6 டன் கரி. அதுவும் 25 டிகிரியில். புகைப்போக்கி வாயு 50–60 டிகிரியில் வந்தால் பிடிப்பு பாதியாகும், முன்னே குளிர்விக்க வேண்டும்.

13எக்ஸ் ஜியோலைட் (நுண்துளையுள்ள செயற்கை அலுமினோ சிலிக்கேட்) உலர்ந்த வாயுவில் 0.15 பாரில் 2.5-க்கு மேல் பிடிக்கும், கரியைத் தோற்கடிக்கும். ஆனால் ஈரம் பட்டால் நீர் முதலில் உட்கார்ந்துகொள்ளும், அதை விரட்ட 300 டிகிரி வேண்டும். கரி 30–40% ஈரப்பதம் வரை நீரைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, 100 டிகிரி சொச்சத்தில் உலர்ந்துவிடும். கரியின் பலம் அங்கேதான். அதனால் உங்கள் அடுத்த சோதனை ஈர வாயுவில் இருக்கட்டும்.

10 கிராம் கரியை 10–12 மி.மீ. குழாயில் நிரப்பி, 15% வாயுவை நிமிடத்துக்கு 100 மி.லி. விட்டால், கிராமுக்கு 1 மி.மோல் பிடிக்கும் கரியில் மறுமுனையில் கசிவு சுமார் 16 நிமிடத்தில் வரவேண்டும். முதலில் கண்ணாடி மணி நிரப்பி வெற்றோட்டம் பார்த்து, குழாய்களில் தேங்கும் நேரத்தைக் கழியுங்கள். 6 நிமிடத்திலேயே கசிந்தால் கரியைத் திட்டாதீர்கள், படுகையில் வாய்க்கால் விழுந்திருக்கும்.

---

சிரட்டைக்கரி எழுதியது:

நன்றி. யூரியாத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. பத்து_பார் சார், கரியமில வாயுவில் எரிக்கும்போது எடை 25–30% குறைந்ததை உலையைத் திறக்காமல் எப்படி அறிவது?

---

பத்து_பார் எழுதியது:

திறக்காமல் துல்லியமாக முடியாது. ஒரே மூட்டைக் கரியில் 5 கிராம் மாதிரிகளை 1, 2, 3, 4 மணி நேரம் தனித்தனியே வைத்து எடை இழப்பு – நேரம் கோடு போடுங்கள். அந்த மூட்டை தீரும்வரை அது செல்லும். மூட்டை மாறினால் சாம்பலில் உள்ள பொட்டாசியம் மாறும். அது இந்த வினையை வேகப்படுத்தும், எனவே கோட்டை மறுபடி போட வேண்டும். கரியை முன்னாலேயே நீர்த்த அமிலத்தில் கழுவிவிட்டால் மூட்டைக்கு மூட்டை வித்தியாசம் குறையும், ஆனால் நேரம் கூடும்.

---

வளிக்கலன் எழுதியது:

மீத்தேன் கேள்வியை யாரும் தொடவில்லை.

அங்கே விதி வேறு. 35 பார் அழுத்தத்தில் அடைக்கும்போது ஒடுங்கிய துளை முன்பே நிரம்பிவிடும். 0.8 முதல் 1.5 நானோமீட்டர் வரை உள்ள துளைதான் உழைக்கும், நடுவில் 1.1-ஐ ஒட்டியது சிறந்தது. ஆகவே நீங்கள் ‘வீண்’ என்று நினைக்கும் இந்த 2,650 கரி மீத்தேனுக்குத் தேறும். 25 டிகிரி, 35 பாரில் இப்படிப்பட்ட கரி கிராமுக்கு 10 மி.மோல் அளவில் மிகைப் பிடிப்பு (அதே இடத்தில் வெறும் அழுத்த வாயுவாக இருப்பதற்கு மேல் கரி கூடுதலாகப் பிடிப்பது) கொடுக்கும்.

கணக்கு இதுதான். 10 மி.மோல் என்பது 224 மி.லி. வாயு. அடர்த்தி 0.28 என்றால் கலனின் ஒரு லிட்டருக்கு 63 லிட்டர். கரி பிடிக்காத இடத்திலும் துளைக்குள்ளும் இருக்கும் அழுத்த வாயு இன்னும் 29. மொத்தம் 92 மடங்கு. கரியே இல்லாத கலன் அதே அழுத்தத்தில் 34 மடங்கு கொடுக்கும். கரியை அழுத்திக் கட்டியாக்கி 0.6 கொண்டுவந்தால், பிடிப்பு அப்படியே நின்றால், 158 மடங்கு வரை போகும். நிற்காது என்பதுதான் சிக்கல். 5–10% பசை சேர்த்தாலே துளைவாய் கொஞ்சம் அடைபடும். அமெரிக்க எரிசக்தித் துறையின் 2012 திட்டம் வைத்த இலக்கு 263 மடங்கு, அதாவது சுமார் 250 பாரில் கரியில்லாக் கலன் தருவது. கரியில் அதை எட்டுவது கடினம். ஆனால் 35 பாருக்கு ஒற்றை அல்லது இரட்டைக் கட்ட அமுக்கி போதும், 200 பாருக்கு வேண்டிய பல கட்ட அமுக்கி தேவையில்லை. ஆதாயம் அங்கேதான்.

நிரப்பும்போது சூடேறும். கிராமுக்கு 6 மி.மோல் ஒட்டினாலே, மோலுக்கு 16 கிலோஜூல் வீதம் 100 ஜூல் வெளிவரும். அது கரியை 100 டிகிரி ஏற்றப் போதுமான வெப்பம். வாயுவும் எஃகும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெதுவாக, சில மணி நேரத்தில் நிரப்பினால் பிரச்சினை இல்லை. அவசரமாக நிரப்பினால் அழுத்தமானி 35 காட்டும், ஆறிய பிறகு 25-க்கு இறங்கும். எடுக்கும்போது நேரெதிர், கரி குளிர்ந்து மீத்தேனை விட மறுக்கும். 1 பாருக்கு இறங்கிய பிறகும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும்.

சாண எரிவாயுவை நேரே அடைக்க வேண்டாம். அதில் மீத்தேன் 55–65%தான், மிச்சத்தில் பெரும்பகுதி கரியமில வாயு. கரி அதை மீத்தேனைவிட வலுவாகப் பிடிக்கும், ஒவ்வொரு நிரப்பலிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இடத்தை அடைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைவிட மோசம். சிறிது ஆக்சிஜன் இருந்தாலும் கந்தகமாகப் படிந்து நிரந்தரமாகத் துளையை மூடும். வரிசை: இரும்பு ஆக்சைடு படுகையில் சல்ஃபைடு நீக்கம், உலர்த்தல், கரியமில வாயு நீக்கம், கடைசியாகச் சேமிப்புக் கலனின் வாயில் ஒரு சிறு காவல் படுகை. அதில் அரை கிலோ சாதாரணக் கரி போட்டு அவ்வப்போது மாற்றினால் பெரிய படுகை நீண்ட நாள் வரும்.

கலன் விஷயத்தில் ஒன்று. பழைய எல்.பி.ஜி. சிலிண்டரில் 35 பார் ஏற்றிப் பார்க்கும் யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள், அது அதற்குச் செய்யப்பட்டதல்ல. 2016 வாயு சிலிண்டர் விதிகளின்படி பெசோ (மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி பெற்ற கலன்தான். வாய் குறுகிய சி.என்.ஜி. கலனில் கரிக் கட்டிகள் நுழையாது, துண்டாகத்தான் கொட்ட முடியும். வால்வுக்கு முன்னால் 10 மைக்ரான் உலோக வடிகட்டி போடுங்கள். இல்லையென்றால் முதல் வேகமான திறப்பிலேயே கரித்தூள் ரெகுலேட்டரின் இருக்கையில் போய் உட்கார்ந்து கசிய ஆரம்பிக்கும்.